எட்டடி ஆழத்தில் சம்பந்தியின் பாம் செடி

மாரிகுப்பம்,
வியாழக்கிழமை.

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி கோவிந்தன் அவர்களுக்கு, காத்தவராயன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான், என் வீட்டுக்காரி பார்வதம்மா, என் முட்டிவலி எல்லோரும் சௌக்கியம். அங்கே தாங்களும் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளை சரத்தும் என் மகள் ராதிகாவும் சௌக்கியமாக இருக்க வேண்டுகிறேன். போனில் சொல்ல நாக்கு எழவில்லை. அதனால் காலை ரயிலில் பெங்களூர் வேலைக்கு வரும் பக்கத்து வீட்டுக்காரரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை எங்கள் தோட்டத்தைப் பார்க்க வருவதாகச் சொன்னீர்களே, தயவுசெய்து வர வேண்டாம்.

தாங்கள் அன்போடு கொடுத்த, பனை ஜாதியைச் சேர்ந்த அந்தக் குட்டை பாம் செடிக்கு ஒன்றும் ஆகவில்லை. "வெயில், குளிர் எதுக்கும் அசையாது, அஞ்சடிக்கு மேல வளராது, ஒன்றரை அடி குழி போதும். உங்க பொண்ண நாங்க பாத்துக்கற மாதிரி இத நீங்க பாத்துக்குங்க" என்றீர்கள். அந்தக் கடைசி வார்த்தை எனக்கு, செடி வாடினால் மகளும் வாடுவாள் என்று கேட்டது. தனியாகத் தோண்டப் பயந்து, மைசூர் மைன்ஸில் என்னோடு ஒரே ஷிப்ட்டில் தங்கம் தோண்டிய கிளாரன்ஸைக் கூப்பிட்டேன், தப்பு அங்கேதான் ஆரம்பித்தது. ஒன்றரை அடியில் பாறை வந்தது. "பாறைய பாத்து பயந்து மேல ஏறிக்கினானுங்கன்னு ஊரே சிரிக்கும்பா, வுடாத" என்றான். நாலடியில் "சைடு சரியும், மரம் குடு" என்றான். மரத்துக்கு நான் எங்கே போவேன்? பார்வதம்மாவின் கட்டிலை அறுத்து முட்டுக் கொடுத்தோம். "இன்னாய்யா, செடி வெக்கிறியா, ஷிப்ட்டுக்கு போறியா?" என்று திட்டிக்கொண்டே அவள் சாப்பாட்டைக் கயிற்றில் இறக்கினாள். சோறு மேலிருந்து இறங்கி வந்ததும் எங்கள் கை நிற்கவே இல்லை. மைன்ஸ் மூடிய பிறகு நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததே கிடையாது சம்பந்தி. நிமிர்ந்து பார்த்தால் எட்டடி.

பாதி மூடிவிட்டு நடலாம் என்றேன். கிளாரன்ஸ் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டான். "ஒரு மைன மூடனத பாத்தாச்சு. இன்னொன்ன என் கையால மூட மாட்டேம்பா" என்றான். அவன் முகத்தைப் பார்த்த பிறகு எனக்கும் மனசு வரவில்லை. ஆகவே செடி அடியில்தான் நிற்கிறது. தினமும் ஏணியில் இறங்கித் தண்ணீர் ஊற்றுகிறேன், புதுக் குருத்துகூட விட்டிருக்கிறது. ஆனால் அஞ்சடிக்கு மேல் வளராத செடி எட்டடிக் குழியிலிருந்து எந்த ஜென்மத்தில் தலையை வெளியே காட்டும்? "செடி எங்கே?" என்று நீங்கள் கேட்டால் நான் தரையைக் காட்ட வேண்டும். என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள், செடியைப் புதைத்தவன் மகள் என்று ராதிகாவை மட்டும் ஒரு வார்த்தை சொல்லிவிடாதீர்கள்.

சம்பந்தியம்மாவுக்கு வணக்கமும் பிள்ளைகளுக்கு ஆசியும் சொல்லவும். நம் உறவு இந்தக் குழியைவிட ஆழமாக இருக்க மாரியம்மன் அருளட்டும்.

இப்படிக்கு,
காத்தவராயன்

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது ராதிகா போன் செய்தாள். இந்தச் செடிக்கு ஜோடியாக உங்கள் பால்கனியில் வைத்தீர்களே, அது போன மாதமே காய்ந்துவிட்டதாம். எனக்குச் சொல்லக் கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கியிருக்கிறீர்களாம்! மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிட்டு ஞாயிறன்று அவசியம் வாருங்கள். இல்லை, வேண்டாம், நாங்களே வருகிறோம். உங்களுக்கும் ஒரு குழி எடுத்துத் தர கிளாரன்ஸ் கடப்பாரையோடு வாசலில் நிற்கிறான். உங்கள் வீடு மூன்றாவது மாடி என்று சொல்லிப் பார்த்தேன். "அதுக்கின்னாபா, கீழ எறங்கறது நமக்கு புதுசா?" என்கிறான்.