ஜாதகத்தில் செய்த தாம்பூலப் பை

எனக்குக் கோபம் அதிகம் என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். ஆமாம், அதிகம்தான். எண்பதுகளில் ஒரு தாம்பூலப் பையால் வந்த கோபம், இன்னும் இறங்கவில்லை.

அப்போது நான் தாராவியில் காகிதப் பை ஒட்டிக்கொண்டிருந்தேன். தங்கை பார்வதிக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீடு செம்பூர். வருகிறவர்களுக்குத் தேங்காய், வெற்றிலை போட்டுக் கொடுக்க, புதிதாக வந்திருந்த பாலிதீன் பைதான் வேண்டும் என்றார் அப்பா. அதுதான் கௌரவமாம்.

"மழை பெஞ்சா நம்ம சாக்கடைய அடைச்சுக்கிட்டு நிக்கது எதுன்னு பாத்தியளா? எம் பை மண்ணுல கெடந்தா மக்கிப் போகும்" என்றேன். (இருபத்திரண்டு வயதில் ஊரைத் திருத்தாமல் வேறு எப்போது திருத்துவது?)

மாட்டுங்காவில் ஒரு கல்யாணத் தரகர் கடையைக் காலி செய்தபோது எடைக்குப் போட்ட தாள்களை வாங்கி வைத்திருந்தேன். எல்லாம் பழைய ஜாதக நகல்கள். முரட்டுத் தாள், தேங்காய் வைத்தாலும் கிழியாது. கட்டங்கள் மங்களகரமாக இருக்கின்றன என்று அவை வெளிப்பக்கம் வரும்படி மடித்து, மூலைக்கு மூலை மஞ்சளும் தடவினேன். ஒன்றையாவது படித்தேனா? இல்லை. மடையன்.

நிச்சயம் முடிந்து பைகளைக் கொடுத்தோம். என் சித்தப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு தன் பையைச் சத்தமாக வாசித்தார். மாப்பிள்ளை பெயர். அவர் அப்பா பெயர். பிறந்த வருஷம். எங்களிடம் கொடுத்த ஜாதகப்படி மாப்பிள்ளைக்கு இருபத்தேழு வயது. பையின்படி முப்பத்தைந்து.

மாப்பிள்ளையின் அப்பா குதித்தார். "வேணும்னே எங்கள அவமானப்படுத்துதான் இந்தப் பய." வயதைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை. என் அப்பாவாவது கேட்டாரா? அந்த ஆளிடம் கையைக் கூப்பினார்.

"சின்னப் பய, புத்தியில்ல. மனசுல வச்சுக்கிடாதிய. இது நின்னுபோனா எம்புள்ளைய யாரு கெட்டுவா?" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "பாலிதீன் வாங்கியிருந்தா இந்த அசிங்கம் வந்திருக்குமால?" என்று கன்னத்தில் ஒன்று வைத்தார். புளுகியவர்களுக்கு நாற்காலி, எனக்கு அறை. இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

பார்வதி உள்ளே போய் நிச்சயப் புடவையை மாற்றிவிட்டு வந்தாள். அதை மடித்துத் தட்டில் வைத்து அவர்கள் முன்னால் நகர்த்தினாள். "எட்டு வயச மறைச்சவங்க இன்னும் எதெத மறைச்சிருக்காங்களோ. எனக்கு வேண்டாம்பா" என்றாள்.

அதற்கப்புறம் மூன்று வருஷம் அவளுக்கு வரன் வரவில்லை. அந்த மூன்று வருஷமும் அப்பா என்னோடு பேசவில்லை. பிறகுதான் கோவண்டியில் ஓர் இடம் அமைந்தது.

இன்றைக்கும் எங்கள் வீட்டு விசேஷங்களில் தாம்பூலப் பை வாங்குகிறவர்கள் முதலில் அதைத் திருப்பித் திருப்பி வாசித்துப் பார்க்கிறார்கள். பார்வதிக்குச் சிரிப்பு தாங்காது. "எங்கண்ணன் எல்லாக் கல்யாணத்துக்கும் பை ஒட்டியிருந்தா, நம்ம சொந்தத்துல பாதிப் பேருக்குக் கல்யாணமே ஆயிருக்காது" என்பாள்.

அவள் புருஷன் மட்டும் அந்த நேரம் பார்த்து எழுந்து வெளியே போய்விடுவார். அவர் ஜாதகத்தில் நான் பை செய்யவில்லை.