மூணு பங்காளி வீடு

சிவில் டிப்ளமோ முடித்த பெண்ணிடம் வீட்டில் எந்த வேலையை வேண்டுமானாலும் கொடுக்கலாம்; வீட்டை மட்டும் கொடுக்கக் கூடாது. இதை அம்மா இப்போது வருகிறவர், போகிறவர் எல்லோரிடமும் சொல்கிறாள். அப்போதே என்னிடம் சொல்லியிருந்தால் கேட்டிருப்பேனா என்றால், மாட்டேன். எனக்கு இருபத்திரண்டு வயது. ஓர் அரசு அலுவலகத்தில் கட்டட வரைபடம் போடும் வேலையில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். அந்த வயதில், அந்த வேலையில், ஒரு ஸ்கேலும் கையில் இருந்தால் உலகத்தையே நிமிர்த்திவிடலாம் என்று தோன்றும்.

கும்மிடிப்பூண்டியில் பஸ் போகும் சாலையோரம் எங்கள் வீடு. அப்பா ரயில்வேயில் கேட் கீப்பர். அவருக்கு வாயும் கேட்டும் ஒன்று. ரயில் போன பிறகுதான் திறக்கும். அவர் கடன் வாங்கிக் கட்டிய வீட்டுக்குச் சிமென்ட் பூச்சு முடிந்ததும் பணமும் முடிந்துவிட்டது. இரண்டு மழைக்காலம் அது சாம்பல் நிறத்திலேயே நின்றது. இரண்டு பக்கமும் காலி மனை. கூச்சப்பட்டு ஒளிந்துகொள்ளக்கூட அதற்கு வழியில்லை.

அந்தச் சாம்பல் நிறத்தால் அண்ணன் கோபாலுக்கு இரண்டு சம்பந்தங்கள் தட்டிப்போயின. பெண்ணைப் பார்த்துப் பிடித்துவிட்டால், அடுத்து பெண் வீட்டார் மாப்பிள்ளையின் வீட்டைப் பார்க்க வருவது எங்கள் பக்கத்து வழக்கம். வந்தார்கள். சுவரைப் பார்த்தார்கள். "பூச்சு வேலைக்கே மூச்சு வாங்கிடுச்சு போல" என்றார்கள். காபி குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். மூன்றாவதாக அமைந்தது ஒரு பொன்னேரிப் பெண். அவளைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து அண்ணன் தன் சட்டையைத் தானே இஸ்திரி போட்டுக்கொண்டான். சாம்பாரில் உப்பில்லை என்று சொல்வதையும் நிறுத்திவிட்டான். (அம்மா பயந்தே போய்விட்டாள்.) இதுவும் தட்டிப்போனால் இவன் தாங்கமாட்டான் என்று எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது. பெண்ணின் தாய்மாமன் தலையசைத்தால்தான் அந்த வீட்டில் எதுவும் நடக்குமாம். அந்தத் தாய்மாமன் அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்க வருவதாகத் தகவல் வந்தது.

"பின்னாடித் தெரு பெயின்டர் முனுசாமிய கூப்ட்டு, வெத்தல பாக்குல ஒரு ரூபா வச்சுக் குடுத்தா முடிஞ்சுது" என்றாள் அம்மா.

"எவ்வளவு கேட்பாரு?"

"கேக்கறத கேப்பான். நாம கொறச்சுக் குடுப்போம்."

"எவ்வளவு குறைச்சு?"

"அவன் மூஞ்சி சுருங்கறவரைக்கும்டி சரசு. இன்னா கேள்வி கேக்குற?"

இப்படி ஒரு விலை நிர்ணய முறையை நான் பாடப் புத்தகத்தில் படித்ததில்லை.

அன்றைய நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன். மெட்ராஸ் நாலாபக்கமும் பெருத்துக்கொண்டிருந்த நேரம். நேற்று வயலாக இருந்த இடத்தில் இன்று காலனி. எங்கள் ஊர்ப் பெயின்டர்கள் எல்லோரும் காலை ரயிலேறி அங்கே போய்விடுவார்கள். கூலி அங்கே அதிகம். இரண்டு வேளை டீயும் உண்டு. ஊர் வேலைக்குக் கூப்பிட்டால் மெட்ராஸ் கூலியைக் கேட்பார்கள். ரயில் செலவு மிச்சம்தானே என்றால், "மெட்ராஸ் வேலய உட்டுட்டு வரேனே, அதுக்கு?" என்று அதற்கும் சேர்த்துக் கேட்பார்கள். மாலை ரயிலில் திரும்பும்போது ஆளுக்கொரு டின் கூடவே வரும். ஏதோ பங்களாவில் மிஞ்சிய சிமென்ட் பெயின்ட் பவுடர். தானாக மிஞ்சியதா, மிஞ்ச வைக்கப்பட்டதா என்று யாரும் விசாரிப்பதில்லை. மெட்ராஸில் அந்த மாதம் எந்த நிறம் அடிக்கிறார்கள் என்பதை எங்கள் ஊர்ச் சுவர்களைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

இந்தச் சந்தையை ஒழுங்குபடுத்த நான் முடிவு செய்தேன். டெண்டர் விட்டேன்.

ஆமாம், மூன்று அறைகொண்ட வீட்டுக்கு. அலுவலகத்தில் பாலத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் எப்படி நடக்குமோ அப்படியே. சுவர்களை அளந்து பரப்பளவு போட்டேன். நிபந்தனைகளை வரிசையாக எழுதினேன்: ஒட்டிய கவரில் விலை தர வேண்டும், சதுர அடிக் கணக்கில்தான் கூலி, சுவரைச் சுரண்டிக் கழுவிய பிறகே வண்ணம், பீடியைச் சுவரில் அணைக்கக் கூடாது. கடைசி நிபந்தனையை எழுதும்போது என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். ஒவ்வொருவரும் தங்கள் நிறத்தைச் சுவரில் கொஞ்சம் அடித்துக் காட்ட வேண்டும். அதுவும் ஆளுக்கொரு சுவரில், தனித்தனியாக. ஒருவர் நிறம் இன்னொருவர் நிறத்தைக் கெடுக்கக் கூடாதல்லவா.

அழைத்தது மூன்று பேரை. அம்மாவின் ஆளான முனுசாமி, ஊத்துக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்து ஊரில் தங்கியிருந்த பாஷா பாய், தெலுங்கு பேசும் ஆரம்பாக்கத்து வெங்கையா. மூவரும் சொன்ன நாளில் வந்தார்கள். முனுசாமி முன் சுவரில் ரோஸ் அடித்துக் காட்டினார். பாஷா பாய் ஸ்டேஷன் பக்கச் சுவரில் பச்சை. வெங்கையா அதற்கு எதிர்ப்பக்கச் சுவரில் மஞ்சள். மூன்று கவர்களும் வந்து சேர்ந்தன.

மூன்றிலும் ஒரே கையெழுத்து.

அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். மூவரும் தினமும் ஒரே ரயில், ஒரே பெட்டி, மெட்ராஸில் ஏறி நின்று வேலை செய்வதும் ஒரே சாரம். ஆனால் வெங்கையாவின் தொகை மற்ற இரண்டையும்விட இரண்டு ரூபாய் குறைவாக இருந்தது. ஆரோக்கியமான போட்டி என்று நினைத்துக்கொண்டேன். வேலை வெங்கையாவுக்கு என்று அறிவித்தேன். அண்ணன் அன்றே பொன்னேரிக்குக் கடிதம் போட்டுவிட்டான்: 'ஸ்டேஷனில் இறங்கி நேராக நடந்தால் மஞ்சள் நிற வீடு.'

வெள்ளிக்கிழமை வந்த வெங்கையா மஞ்சள் சுவரை மட்டும் அடித்து முடித்துவிட்டு, பிரஷ்ஷைக் கழுவ ஆரம்பித்தார்.

"மற்ற சுவர்?"

"அதெப்டி அம்மாயி? முன்னாடி முனுசாமி பிரஷ் வச்சுட்டான். அந்தப் பக்கம் பாய் வச்சுட்டாரு. இன்னொருத்தன் பிரஷ் வச்ச சுவத்துல நான் கை வச்சா, நாளைக்கு மெட்ராஸ்ல எனக்கு எவன் சாரம் புடிப்பான்?"

"அது சாம்பிள்தானே? ஒரு சின்ன கட்டம்தானே அடிச்சாங்க?"

"தாலிகூட மூணே முடிச்சுதான் அம்மாயி."

அவரே தொடர்ந்தார். "அதுவுமில்லாம எங்கிட்ட மஞ்சள் ஒரு சுவத்துக்குத்தான் இருந்துச்சு."

"அப்புறம் எப்படி மொத்த வீட்டுக்கும் கவர் போட்டீங்க?"

"நீ மொத்த ஊட்டுக்கும் கேட்டே. போட்டேன்."

இரண்டு நாளில் தாய்மாமன். புதிய டின் வாங்க மெட்ராஸ் போக வேண்டும். என் எஸ்டிமேட் உடைந்துவிடும். நான் பதறவில்லை. (பதறாமல் இருப்பதுதான் என் பெரிய குறை என்று அம்மா சொல்வாள்.) யோசித்துப் பார்த்தேன். வரைபடத்தில் முன்பக்கத் தோற்றத்தைத் தனியாகத்தான் போடுகிறோம், பக்கத் தோற்றத்தைத் தனியாகத்தான் போடுகிறோம். இரண்டையும் யார் ஒரே நேரத்தில் பார்க்கிறார்கள்? ஆகவே முன் சுவர் ரோஸ், ஸ்டேஷன் பக்கம் பச்சை, எதிர்ப்பக்கம் மஞ்சள், யாரும் பார்க்காத பின் சுவர் அப்படியே, மூன்று பேரும் ஒரே நேரத்தில் வேலை, சனிக்கிழமை மாலைக்குள் முடியும் என்று உத்தரவு போட்டேன். முடித்தார்கள். வீட்டுக்கு மூலை என்று ஒன்று இருப்பது அதன் பிறகுதான் என் கண்ணில் பட்டது.

ஞாயிறு காலை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஸ்டேஷன் பக்கமிருந்து ஏழெட்டுப் பேர் வந்தார்கள். முன்னால் வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு, நரைத்த மீசை. தாய்மாமன். பச்சைச் சுவரைப் பார்த்தார், நடந்தார். ரோஸ் முகப்பைப் பார்த்தார், அதையும் தாண்டி நடந்தார். கொஞ்ச தூரம் போய், வெயிலில் நெற்றியைத் துடைத்துக்கொண்டு திரும்பினார். முகம் மலர்ந்தது.

"அதோ மஞ்ச ஊடு! நான்தான் சொன்னேனே!"

கூட்டம் உற்சாகமாகத் திரும்பி வந்தது. வாசலுக்கு எதிரே வந்ததும் நின்றது. எதிரில் ரோஸ்.

"இப்பத்தானே மஞ்சளா இருந்துச்சு?" என்றார் பெண்ணின் அப்பா.

"வாங்க, வாங்க!" என்று அண்ணன் ஓடினான். தாய்மாமன் உள்ளே வரவில்லை. மஞ்சளும் ரோஸும் சேரும் மூலைக்குப் போனார். வைத்தியர் நாடி பிடிப்பதுபோல் அங்கே கையை வைத்தார். பிறகு பச்சைப் பக்கம் போய் அந்த மூலையையும் தொட்டுப் பார்த்தார். திரும்பி வந்து, கொல்லைப்புறம் தீ பிடித்த செய்தியைச் சொல்கிறவரைப்போல மெதுவாகக் கேட்டார்.

"பாகம் பிரிச்சாச்சா?"

எங்கள் பக்கத்தில் அண்ணன் தம்பிகள் வீட்டைப் பாகம் பிரித்தால், அவரவர் பங்குச் சுவருக்கு அவரவர் நிறம் அடித்துக்கொள்வார்கள். அடுத்தவன் என்ன நிறம் அடித்தானோ, அது தவிர வேறு எதுவானாலும் சரி. மூன்று நிறம் என்றால் மூன்று பங்காளி. இது யாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். டெண்டர் மும்முரத்தில் மறந்துபோயிருந்தேன்.

"ஒரே புள்ள, சொந்த ஊடுன்னு சொன்னீங்க" என்றார் தாய்மாமன். "நானே எங்க அண்ணனுங்களோட ஒரு மூலைக்காக வருசக்கணக்கா கோர்ட்டுக்கு நடந்துகினு இருக்கேன். இந்த பேஜாரு எனக்குத் தெரியாதா?"

அப்பா வாயைத் திறக்கத் தயாரானார். ஆனால் ரயில் இன்னும் போகவில்லை. ஆகவே நான் விளக்கினேன்.

"பங்காளி யாரும் இல்லைங்க. டெண்டர் விட்டோம். மூணு பேர் கவர் போட்டாங்க..."

"டெண்டரா?" அவர் இரண்டடி பின்வாங்கினார். "ஊட்டயே ஏலத்துக்கு உட்டாச்சா!"

பெண்ணின் அப்பா குடையை எடுத்தார். அந்தச் சமயத்தில்தான் கூலி வாங்க மூன்று பெயின்டர்களும் வந்து சேர்ந்தார்கள். வந்தவர்கள் எங்களைப் பார்க்கவில்லை. நேராக மூலைக்குப் போனார்கள். சதுர அடிக் கணக்கில்தான் கூலி என்று நான் எழுதிய நிபந்தனையை அவர்கள் மறக்கவில்லை.

"என் மஞ்சள் மேல ஒரு சாண் ஏறிக்கினு இருக்குது உன் ரோஸு" என்றார் வெங்கையா.

"யாரு ஏறனது? நீதான்யா இந்தப் பக்கம் திரும்பி வந்துகீற. பாய், நீங்களே சொல்லுங்க."

"எனக்கு என் மூலையே தகராறுப்பா" என்றார் பாஷா பாய். "அங்கயும் உன் ரோஸு உள்ள பூந்துகீது."

தாய்மாமன் கிளம்பியவர் நின்றார். எல்லைத் தகராறு காதில் விழுந்தும் போய்விட அவரால் முடியவில்லை. துண்டை உதறி இடுப்பில் கட்டினார். "நகருங்கய்யா. ஒரு நூலு கொண்டாங்க."

அம்மா பூ கட்டும் நூலைக் கொண்டுவந்தாள். அவர் அதில் ஒரு கல்லைக் கட்டி மூலையில் தொங்கவிட்டார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். மூன்று தரப்பையும் தனித்தனியாக விசாரித்தார். பிறகு தீர்ப்பு சொன்னார்: "மூலைதான் எல்லை. இந்தண்ட முனுசாமிது, அந்தண்ட வெங்கையா நைனாது. பாய் சொல்றது நியாயம். ரோஸு ஒரு சாண் பின்னாடி போவணும்."

"பெரியவரு சொன்னா சரி" என்றார் முனுசாமி. "அடிச்ச கூலிய குடுத்துட்டீங்கன்னா நாங்க போய்க்கினே இருப்போம்."

"கூலியா?" என்றார் தாய்மாமன்.

அப்போது அப்பா, முதல் தடவையாக, தொண்டையைச் செருமினார்.

"இந்த ஊட்டுக்கு ஒரே புள்ளதாங்க. கலருதான் மூணு. இவங்க பெயின்டருங்க."

ரயில் போய்விட்டது; கேட் திறந்தது. பெண் வீட்டுப் பெண்கள் பக்கத்திலிருந்து முதல் சிரிப்பு கிளம்பியது. தாய்மாமன் நூலைச் சுருட்டினார். கோபப்பட அவருக்கு உரிமை இருந்தது. ஆனால் வருசக்கணக்காகக் கிடைக்காத தீர்ப்பை அன்று அவரே சொல்லியிருந்தார், மூன்று தரப்பும் ஒப்புக்கொண்டிருந்தது. அந்தத் திருப்தி அவர் மீசையிலேயே தெரிந்தது. உள்ளே வந்து உட்கார்ந்தார். இரண்டாவது காபியும் கேட்டு வாங்கிக் குடித்தார்.

"பொண்ணு குடுக்கறோம். ஆனா முகூர்த்தத்துக்குள்ள ஊடு ஒரே கலருல இருக்கணும்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நீ அந்தப் பக்கம் போவாத" என்றார்.

போகவில்லை. அம்மாதான் முனுசாமியைக் கூப்பிட்டு வெற்றிலை பாக்கில் ஒரு ரூபாய் வைத்துக் கொடுத்தாள். முனுசாமி மற்ற இருவரையும் கூட்டிக்கொண்டு வந்தார். அவரவர் சுவருக்கு அவரவர் வெள்ளையடித்தார்கள். எல்லாம் சேர்த்து ஆன செலவில் முதலிலேயே மெட்ராஸ் கம்பெனியைக் காரில் வரவழைத்து அடித்திருக்கலாம். பின்னொரு நாள் அலுவலகத்துக்கு வந்த ஒரு மெட்ராஸ் காண்டிராக்டரிடம், ஒருவர் பிரஷ் வைத்த சுவரை இன்னொருவர் தொடமாட்டாரா என்று கேட்டேன். "அப்படியெல்லாம் ஒண்ணு இருக்காம்மா?" என்று அவர் என்னையே திருப்பிக் கேட்டார். காலை ரயிலில் எனக்காகவே உண்டாக்கிய சம்பிரதாயமாக இருக்கலாம். இன்றுவரை மூவரும் ஒப்புக்கொள்ளவில்லை.

முதல் மழையிலேயே வெள்ளை கரைந்து, அடியிலிருந்து மூன்று நிறங்களும் எட்டிப் பார்த்தன. இப்போது எங்கள் வீட்டெதிரே பஸ் நிற்கும்போது கண்டக்டர் "மூணு பங்காளி எறங்கு, மூணு பங்காளி!" என்றுதான் கத்துகிறார். இறங்குவது பெரும்பாலும் நான்தான். புதிதாக வரும் தபால்காரர்கள், "எந்தப் பங்காளி வீடுங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் கடிதத்தைக் கொடுக்கிறார்கள்.

பொன்னேரிப் பெண் எனக்கு அண்ணியாகி, சாம்பாரில் உப்பில்லை என்று அண்ணன் மறுபடியும் சொல்ல ஆரம்பித்தும் நாளாகிவிட்டது. இப்போது எனக்கு வரன் பார்க்கிறார்கள். சென்ற வாரம் ஒரே நேரத்தில் மூன்று ஜாதகங்கள் வந்தன. எதை முதலில் பார்ப்பது என்று அம்மா திகைத்தபோது அண்ணி அடுப்படியிலிருந்தே குரல் கொடுத்தாள்.

"இன்னாத்துக்கு அத்தே கவல? சரசு மூணு பேர்கிட்டயும் ஒட்டுன கவர் வாங்கிக்கும். ஆனா ஒண்ணு, சாம்பிளுக்குன்னு எவனையும் சுவத்துல கை வைக்க உட்றாதீங்க."