ஒரே சார்ஜில் கண்மாய்க்கரை வரை

புதுக்கோட்டை,
சனிக்கிழமை.

மரியாதைக்குரிய அண்ணனுக்குத் தங்கை செல்வராணி எழுதுவது.

பொய்க் கணக்குச் சொல்லும் கம்பெனியில் சம்பளம் வாங்குகிற பையன், பெண் வீட்டில் வந்து சொல்வதில் எவ்வளவு உண்மை இருக்கும்? இந்தக் கேள்வியை இன்று ஒருவர் என் முகத்துக்கு நேரே கேட்டார். எம்.எஸ்சி. இயற்பியல் படித்துவிட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிற எனக்கு விடை தெரியவில்லை. வீட்டுக்கு வந்து தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு யோசித்தும் தெரியவில்லை.

நலம் கேட்காமல் கேள்வியில் ஆரம்பித்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள். இங்கே உடம்புக்கு எல்லாரும் சுகம், மனதுக்குத்தான் இல்லை. அங்கே நீங்களும் மதினியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், இதைப் படித்து முடிக்கும் வரையாவது. நம் தெருக்கோடி வீட்டுச் சந்தோஷ்குமார் திங்கட்கிழமை மஸ்கட் கிளம்புகிறான். மதினிக்குக் கொடுத்தனுப்பும் அதிரசத்தோடு இந்தக் கடிதமும் அவன் பெட்டியில் வரும். போனில் சொன்னால் பாதியிலேயே சத்தம் போடுவீர்கள். கடிதத்தைப் பார்த்து எவ்வளவு சத்தம் போட்டாலும் எனக்குக் கேட்காது.

உங்கள் பிள்ளை அருண்குமாருக்குப் பேசிய கீரனூர்ப் பெண் வைஷ்ணவியைப் பற்றி முன்பே சொல்லியிருக்கிறேன். அப்பா பழனிச்சாமி உரக்கடை வைத்திருக்கிறார். அம்மா அமிர்தவல்லி. ஜாதகம் பொருந்தியது, படிப்பு பொருந்தியது. பையனுக்குக் கார் கம்பெனியில் வேலை என்று தரகர் சொல்லியிருந்தார். எந்தக் கம்பெனி என்று அவரும் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. போன வாரம் பெண் பார்க்கப் போனபோது வாசலில் அருணின் கம்பெனி செய்த கரண்டுக் கார் ஒன்று நின்றது. நல்ல சகுனம் என்று நினைத்தேன். ஆயுளில் ஒரே ஒரு நாள் சகுனத்தை நம்பினேன், அதன் பலனைக் கேளுங்கள். உள்ளே போய் உட்கார்ந்ததும் அருண், வாசலில் நிற்பது எங்கள் கம்பெனி வண்டி என்று பெருமையாகச் சொன்னான். பழனிச்சாமி காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எங்கள் தலைக்கு மேலே சுவரைப் பார்த்தார். நானும் திரும்பிப் பார்த்தேன். சட்டம் போட்டு மாட்டிய பத்திரிகைச் செய்தி. ஒரே சார்ஜில் ஐந்நூறு கிலோமீட்டர் ஓடும் என்ற விளம்பரத்தை நம்பிக் கார் வாங்கியவர்கள் திருச்சி ஷோரூம் வாசலில் கூடி நின்ற படம். முன்வரிசையில் 'ஐந்நூறு எங்கே?' என்று எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றவர் பழனிச்சாமி. அதற்குக் கீழே உட்கார்ந்துதான் நாங்கள் அவர் வீட்டுக் காபியைக் குடித்துக்கொண்டிருந்தோம்.

கீரனூர் பஸ் ஸ்டாண்டில் இப்போது யாராவது அஞ்சு நிமிஷத்தில் வாரேன் என்றால் 'கம்பெனிக் கணக்கா, ரோட்டுக் கணக்கா?' என்று கேட்கிறார்களாம். ஆட்டின் எடை, ஆழ்துளைக் கிணற்றின் அடி, பிள்ளைகளின் மார்க் எல்லாவற்றுக்கும் இதே கேள்விதான். அன்றைக்குப் பழனிச்சாமி அருணைப் பார்த்து, "வயசு இருவத்தெட்டுன்னு சொன்னாங்க. அது எந்தக் கணக்குங்க தம்பி?" என்றார். பிறந்த சான்றிதழைக் காட்டுகிறோம் என்று நான் சொல்ல, அவர் சான்றிதழ் வேண்டாம், வண்டியைக் காட்டட்டும் என்றார். அதாவது அவருடைய காரை அருண் ஓட்ட வேண்டும். இரண்டு வீடும் சேர்ந்து பழனி போய், வழியில் எங்கேயும் சார்ஜ் போடாமல் திரும்பி வர வேண்டும். போக வர நானூறுகூட வராது. கம்பெனி சொல்வது ஐந்நூறு. திரும்பிவிட்டால் பெண் நமக்கு. நின்றுவிட்டால் முருகன் விட்ட வழி. இப்படி ஒரு நிபந்தனையை நான் கேள்விப்பட்டதே இல்லை. வில்லை ஒடித்துப் பெண் கொண்டுபோன காலத்தில்கூட வில்லைச் செய்தவனையே கூப்பிட்டு ஒடிக்கச் சொல்லவில்லை.

இன்று விடிந்ததும் அவர்கள் காரில் வந்து எங்களை ஏற்றிக்கொண்டார்கள். என் வீட்டுக்காரர் வேலையாகத் தஞ்சாவூர் போயிருப்பதால் நம் பக்கத்துக்கு நான் ஒருத்திதான். அருண் ஓட்ட, பக்கத்தில் பழனிச்சாமி. பின்னால் அமிர்தவல்லி, வைஷ்ணவி, நான். அன்னவாசலைத் தாண்டியதும் ஒரு கண்மாய் வந்தது. தாமரை பூத்திருக்கிறது என்று வைஷ்ணவி கையைக் காட்டினாள். அருண் பார்த்தான், கொஞ்சம் அதிகமாகவே பார்த்தான். பழனிச்சாமி ஏசியைக் கூட்டச் சொன்னார், பாட்டுப் போடச் சொன்னார், மழையே இல்லாத வானத்துக்குக் கீழே வைப்பரையும் போடச் சொன்னார். எல்லாம் போட்டாலும் ஐந்நூறு ஓடும் என்றுதானே விற்றார்கள் என்பது அவர் வாதம்.

அண்ணே, இங்கே ஒரு விஷயத்தை நினைவுபடுத்த வேண்டும். மஸ்கட்டில் இத்தனை வருடம் இருந்ததில் உங்களுக்கு மறந்திருக்கலாம். சம்பந்தம் பேசி முடிகிற வரை ஒரு வீட்டார் சோற்றில் இன்னொரு வீட்டார் கை நனைப்பதில்லை. காபி கணக்கில் வராது. சோறுதான் கணக்கு. சோற்றில் கை வைத்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். அதனால் பழனியில் சாமி கும்பிட்டுவிட்டு ஓட்டலுக்குப் போனபோது, ஒரே காரில் வந்த நாங்கள் இரண்டு மேசையில், முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து சாப்பிட்டோம். பரிமாற வந்தவர் எங்களுக்குள் ஏதோ சண்டை என்று நினைத்து இரண்டு மேசைக்கும் நடுவில் நின்று சமாதானமாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது திண்டுக்கல் தாண்டியதுமே அருணின் முகம் மாறிவிட்டது. விராலிமலை வந்தபோது இன்னும் அறுபது கிலோமீட்டர் ஓடும் என்று மீட்டர் காட்டியது. புதுக்கோட்டைக்கு அது தாராளம். எனக்குப் போன உயிர் வந்தது. அருண் வண்டியை ஓரமாக நிறுத்தினான். "சார், இந்த மீட்டரை நம்பாதீங்க. காலையில தாமரை பாத்தோமே அந்தக் கண்மாய், அதுவரைக்கும்தான் போகும். இங்க ஓட்டல்ல சார்ஜர் இருக்கு, போட்டுருவோம்" என்றான். பழனிச்சாமி சீட்டில் திரும்பி உட்கார்ந்து, "கேட்டீங்களா டீச்சர், கம்பெனி மீட்டரைக் கம்பெனி ஆளே நம்பக் கூடாதுங்கிறாரு" என்று என்னிடம் சொன்னார். இத்தனை மாதமாக அவர் தேடிய சாட்சி அவர் காரையே ஓட்டிக்கொண்டிருந்ததில் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். சார்ஜ் போடக் கூடாது, நிபந்தனை நிபந்தனைதான் என்றார். எனக்கு ஆத்திரமாக வந்தது. மீட்டர் அறுபது சொல்லும்போது இந்தப் பையன் ஏன் தன் கல்யாணத்தில் தானே மண்ணைப் போட்டுக்கொள்கிறான்?

கார் கண்மாய்க்கரையில் நின்றது. முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை, தாமரைக்கு நேர் எதிரே நின்றது.

இறங்கிப் புளியமரத்தடியில் நின்றபோதுதான் அருண் சொன்னான். கம்பெனி சொல்கிற ஐந்நூறு பொய்யில்லையாம். பந்தயத் திடல் மாதிரி மேடு பள்ளமில்லாத தனி ரோட்டில், ஏசி போடாமல், ஒற்றை ஆள் மெதுவாக ஓட்டினால் அது ஓடுமாம். அப்படி ஓட்டிப் பார்க்கிற வேலைதான் இவனுக்காம். சாதாரண ரோட்டுக் கணக்கையும் விளம்பரத்தில் போடுங்கள் என்று மேலே எழுதிக் கொடுத்தானாம், யாரும் கேட்கவில்லையாம். பழனிச்சாமி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்த ரோடு எங்கிட்டு இருக்குன்னு சொல்லுங்க தம்பி, நான் அங்கிட்டே குடி போயிர்றேன்" என்றார்.

கம்பெனி உதவி எண்ணுக்கு அருண் போன் செய்தான். உங்கள் பயணம் எங்கள் பெருமை என்று ஒரு பெண் குரல் திரும்பத் திரும்பச் சொன்னது. கடைசியில் திருச்சியிலிருந்து லாரி அனுப்புகிறோம், சாயங்காலம் ஆகும் என்றார்கள். அந்த வழியாகப் புல்லுக்கட்டோடு டிவிஎஸ் வண்டியில் வந்த சிவசாமி என்பவர் நிறுத்தி, பெட்ரோல் தீர்ந்துபோச்சா என்று விசாரித்தார். பெட்ரோல் இல்லை, கரண்டு தீர்ந்துபோச்சு என்றேன். "அப்ப இருங்க. எங்க ஊர்ல ஆறு மணிக்கு வந்துரும்" என்று தைரியம் சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்து நடந்ததை எழுதக் கை கூசுகிறது. வெயிலில் எல்லாருக்கும் பசி. அமிர்தவல்லி திரும்பும் வழிக்கென்று காலையிலேயே புளியோதரை கட்டிக்கொண்டு வந்திருந்தார். மரத்தடியில் அவர்கள் மூன்று பேரும் சாப்பிட உட்கார, நானும் அருணும் மரியாதையாகக் கொஞ்சம் தள்ளிப்போய்த் தாமரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். சிவசாமியிடம் இந்தப் பக்கம் டீக்கடை இருக்கிறதா என்று கேட்காமல் விட்டோமே என்ற யோசனையில் ஒரு நிமிஷம் அசந்திருப்பேன். திரும்பிப் பார்க்கிறேன், அருண் கையில் வாழை இலைத் துண்டு. அதில் புளியோதரை. எதிரே வைஷ்ணவி நிற்கிறாள். இவன் சாப்பிடுகிறான். சாப்பிட்டது போதாது என்று, "இன்னும் கொஞ்சம் வைக்கவா?" என்று அவள் கேட்க, தலையை ஆட்டுகிறான். அமிர்தவல்லி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பழனிச்சாமியின் கையில் எடுத்த கவளம் அப்படியே நின்றது. எனக்குக் கண்மாய்த் தண்ணீரில் இறங்கிவிடலாமா என்றிருந்தது.

நான் போய், பையன் மஸ்கட்டில் வளர்ந்தவன், நம் முறை தெரியாது, பெரிய மனது பண்ணி மன்னித்துக்கொள்ளுங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். என் பள்ளியில் பார்த்தால் யாரும் நம்ப மாட்டார்கள். பழனிச்சாமி கையைக் கழுவிவிட்டு, நான் கொடுக்காத சோறு கணக்கில் சேராது என்றார். லாரி வந்து காரை ஏற்றிக்கொண்டு போன பிறகு அன்னவாசலில் பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் இந்தக் கடிதத்தின் முதல் வரியில் எழுதிய கேள்வியை என்னிடம் கேட்டார். "தம்பி நல்லவராத்தான் தெரியுது டீச்சர். ஆனா நாளைக்கு எம் பொண்ணுகிட்ட அரை மணி நேரத்துல வாரேன்னு இவரு சொன்னா, நான் அதை எந்தக் கணக்குல எடுத்துக்கிறது?" என்று சொல்லிவிட்டுக் கீரனூர்ப் பக்கம் போகும் பஸ்ஸில் மனைவியையும் மகளையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

ஆகவே இந்தச் சம்பந்தத்தை இத்தோடு விட்டுவிடுங்கள். மதினியிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். தரகரிடம் வேறு இடம் பார்க்கச் சொல்கிறேன்; இந்த முறை வாசலில் என்ன வண்டி நிற்கிறது என்று முதலில் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போவேன். அருண் வீட்டுக்கு வந்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டான். அவனுக்கு அந்தப் பெண்ணைப் பிடித்திருக்கிறது. எனக்கு இருக்கும் ஒரே வருத்தம் அதுதான். மற்றதெல்லாம் அதிர்ச்சி, நாலு நாளில் சரியாகிவிடும்.

மதினிக்கு என் அன்பு. விராலிமலை முருகன் உங்கள் இருவரையும் காக்கட்டும். பழனி முருகனிடம் இப்போதைக்கு எதையும் கேட்கும் நிலையில் நான் இல்லை.

இப்படிக்கு,
தங்கை செல்வராணி

பின்குறிப்பு, ஞாயிற்றுக்கிழமை: மேலே உள்ளதை மதினியிடம் படித்துக் காட்ட வேண்டாம். காலையில் உப்புமாவை இறக்கி வைக்கிறேன், வாசலில் பழனிச்சாமி. பஸ்ஸில் வந்திருக்கிறார், கையில் வெற்றிலை, பூ, பழம். விறுவிறு என்று வந்து கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "எலை போடுங்க டீச்சர்" என்றார். உப்புமாதான் இருக்கிறது என்றேன். "உப்புமா கணக்குல வராதுங்க. சோறு ஆக்குங்க, இருக்கேன்" என்றார்.

உலை கொதிக்கும் வரை அவரே பேசினார். "கம்பெனி ஐந்நூறுன்னுச்சு, பொய்யாப் போச்சு. மீட்டரு அறுபதுன்னுச்சு, அதுவும் பொய்யாப் போச்சு. இவரு கண்மாய்ன்னாரு. கண்மாயில நின்னுச்சு. பொண்ணு கிடைக்காதுன்னு தெரிஞ்சும் நெசத்தைச் சொன்ன ஆளுகிட்ட நான் வேற என்னத்தைக் கேக்குறது?" ஒரே ஒரு சோதனையை வைத்து முடிவு கட்டக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறவள் நான். அது வாய் வரை வந்துவிட்டது. ரசத்துக்குப் புளி கரைக்கும் சாக்கில் விழுங்கிக்கொண்டேன். நிச்சயத்துக்கு மஸ்கட்டிலிருந்து தேதிக்கு வந்துவிடுவார்களா என்று கேட்டார். வருவார்கள், ரோட்டுக் கணக்குதான் என்று சொல்லியிருக்கிறேன். டிக்கெட் போட்டுவிடுங்கள்.

அடுப்படிக்கு வந்த அருணிடம், உனக்கு முறை தெரியாது என்று ஊரறிய நான் மன்னிப்புக் கேட்டேனே என்றேன். "தெரியும் அத்தை. அம்மா நேத்துக் காலையிலயே போன்ல சொன்னாங்க, அவங்க சோத்துல கை வச்சிராதன்னு" என்றான். கூடத்துக்குத் திரும்பும்போது, "வைஷ்ணவிக்கும் தெரியுமாம்" என்றான்.

சோறும் ரசமும் அப்பளமும்தான். அருணைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு பழனிச்சாமி இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். முடித்ததும் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, இலையைத் தன் பக்கமாக மடித்தார்.