மச்சான் கொடுத்த சினிமாப் பெட்டி

மட்டாஞ்சேரி,
வியாழக்கிழமை.

மதிப்புக்குரிய மச்சான் நல்லசிவம் அவர்களுக்கு, தங்கை புருஷன் சுடலைமுத்து வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நான், உங்கள் தங்கை இசக்கிசெல்வி, மகள் ஸாதனா மூவரும் சுகம். இடப்பள்ளியில் நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும், கடையில் கம்ப்யூட்டர் வியாபாரமும் நன்றாக நடக்க வேண்டும். ஒரு பஸ் ஏறினால் வந்து சேரும் தூரத்துக்கு இவன் என்ன கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். போனில் பேசினால் உங்கள் தங்கை காதில் விழும். நீங்கள் கொடுத்த பெட்டியைப் பற்றி இந்த வீட்டில் ஒரு குறை சொல்லிவிட முடியாது. அவள் படித்தது மலையாளம், தமிழ் எழுத்தைக் கண்டால் தள்ளி வைத்துவிடுவாள். ஆகவே கடிதம்தான் பத்திரம். பக்கத்து வீட்டு ஷிபு உங்கள் பக்கம் ஆட்டோ சவாரி வரும்போது கொண்டுவந்து தருவான்.

முதலில் பெட்டியின் பெருமையைச் சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டர் என்று நீங்கள் சொன்னீர்கள், டிபன் கேரியரைப் படுக்க வைத்த அளவுகூட இல்லை, டிவியில் மாட்டினதும் சினிமா, பாட்டு, வீட்டு போட்டோ எல்லாம் வரிசையாக வந்து நிற்கிறது. கொச்சங்காடி கோடவுனுக்கு மிளகு மூட்டை ஏற்றி டெம்போ ஓட்டுகிறவன் நான், எட்டாம் வகுப்போடு நின்றவன், ஆனாலும் இது எப்படி என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. பேர் போட்டு வைத்தால் அந்தப் படத்தின் போஸ்டரை அதுவே எங்கிருந்தோ தேடி எடுத்து வருகிறதே, யாரிடம் கேட்கிறது? ஸாதனாவின் நிச்சயதார்த்த வீடியோவை ஏற்றினேன். அதற்கு ஒற்றைக் கண்ணில் பட்டை கட்டிய ஒரு வெள்ளைக்காரன் படத்தை ஒட்டி, கப்பலில் வந்தவர்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போகும் கதை என்று எழுதியிருந்தது. நீங்கள் வந்து மாற்றிக் கொடுத்தீர்கள். ஆனாலும் நம் குடும்பத்தைப் பார்த்து அதற்கு ஏன் அப்படித் தோன்றியது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மாப்பிள்ளையின் அப்பா, ஏலூர் முத்துவேல் சம்பந்தி, கால் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்ததால் நிச்சயதார்த்தத்துக்கு வரவில்லை. பெற்ற பையனின் நிச்சயத்தைப் பார்க்கவில்லையே என்ற வருத்தம் அவருக்கு, நாளைத் தள்ளி வைக்கவில்லையே என்று எங்கள் மேலும் கொஞ்சம். நான் சும்மா இருக்காமல், ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வாருங்கள், எங்கள் வீட்டில் தியேட்டரே இருக்கிறது, நேரில் பார்த்தமாதிரி காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டேன். பெட்டியோ ஆயுத பூஜைக்கு வைத்து, விஜயதசமியன்று பூஜை எடுத்த நாளிலிருந்து சொன்ன பேச்சுக் கேட்கவில்லை. அதற்கு முன்னால் நன்றாக ஓடியது, அதுதான் அதிசயம். பூஜையில் நான் குறை வைக்கவில்லை மச்சான். டெம்போ, மிக்ஸி, ஸாதனாவின் ஸ்கூட்டி எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்த கையோடு பெட்டிக்கும் பூ சாத்தினேன். டெம்போவுக்கு நெற்றி எது என்று எனக்குத் தெரியும், பெட்டிக்கு எது என்றுதான் தெரியாமல் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். முன்பக்கம் நட்டநடுவில் கறுப்புக் கண்ணாடியில் வட்டமாக, விரல் நுனி அளவுக்கு ஓர் இடம், பொட்டு வைக்கவென்றே கம்பெனிக்காரன் விட்டு வைத்தமாதிரி. அங்கே சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து வைத்து, நடுவில் குங்குமமும் வைத்தேன். அவ்வளவு லட்சணம். இந்த ஊர் வழக்கப்படி பூஜை எடுக்கும்வரை தொடக்கூட இல்லை. இத்தனை மரியாதை செய்தும், கரெண்டைக் கொடுத்தால் டிவியில் ஸாதனா மாலையோடு வந்து நிற்கிறாள், ரிமோட்டை அமுக்கினால் கண்கூட இமைப்பதில்லை.

பேட்டரி மாற்றினேன். சுவர்க் கடிகாரத்துப் பேட்டரியையும் பிடுங்கிப் போட்டேன், கடிகாரம் நின்றதுதான் மிச்சம். ஸ்டூல் மேல் ஏறி அமுக்கினேன், தரையில் படுத்து அமுக்கினேன். உங்கள் தங்கை அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, "அதுகிட்ட கெஞ்சுத கெஞ்சல என்கிட்ட ஒரு நாளாவது கெஞ்சியிருக்கீயளா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். ஷிபுவைக் கூப்பிட்டேன். அவன் சாயாவைக் குடித்துக்கொண்டே, "சேட்டா, ரிமோட்டோட மூஞ்சிய மொபைல் கேமராவுல ஒண்ணு நோக்கு" என்றான். நோக்கினேன். மச்சான், வெறும் கண்ணுக்கு ஒன்றுமே இல்லை, கேமராவில் பார்த்தால் ரிமோட்டின் நுனியில் ஊதா வெளிச்சம் மினுக் மினுக்கென்கிறது. இத்தனை வருஷமாகக் கையில் டார்ச் லைட்டைப் பிடித்துக்கொண்டா டிவி பார்த்தேன்? வந்த வேலையை மறந்து, ஷிபு வீட்டு ஏசி ரிமோட்டைக்கூட வாங்கி வந்து அமுக்கிப் பார்த்தேன். அதுவும் மினுக்குகிறது. ஆக ரிமோட் ஒழுங்காகப் பேசுகிறது, பெட்டிக்குத்தான் காது கேட்கவில்லை. நீங்கள் பழைய சாமானைத் தள்ளிவிட்டிருப்பீர்கள் என்று ஷிபு சொன்னான். நான் மறுத்தேன், ஆனால் பலமாக மறுக்கவில்லை.

கீபோர்டையும் மவுசையும் இனி எதற்கு என்று நீங்களே எடுத்துப் போய்விட்டீர்கள். ஆகவே தயவுசெய்து சனிக்கிழமைக்குள் வேறு பெட்டி கொண்டுவாருங்கள், இது அதைவிடப் புதுசு என்று தங்கையிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். நான் சொன்னால் வீட்டில் சோறு கிடைக்காது, சொல்லாமல் விட்டால் சம்பந்தி முகத்தில் முழிக்க முடியாது. மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம், இருந்தாலும் கூடப்பிறந்தவளுக்குக் கொடுக்கிற சாமான் செவிடா என்று ஒரு தரம் பார்த்துக் கொடுத்திருக்கலாம்.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள். உங்கள் கடையில் விற்கிற பெட்டிகள் எல்லாம் காது கேட்கிற பெட்டிகளாக இருக்க அம்மன் அருள் புரியட்டும்.

இப்படிக்கு,
தங்கள் தங்கையிடம் அகப்பட்டிருக்கும்
சுடலைமுத்து

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும்போது உங்கள் தங்கை வந்து, அண்ணனுக்கு இவ்வளவு நீளமாக என்ன எழுத்து என்று கேட்டாள். பூஜை நடந்த அழகை எழுதினேன் என்று அதை மட்டும் வாசித்துக் காட்டினேன். சந்தனம் வைத்த இடம் வந்ததும் எழுந்து போனாள். ஈரத்துணியை எடுத்துப் பெட்டியின் நெற்றியைத் துடைத்தாள், ரிமோட்டை ஒரு தரம் அமுக்கினாள். நாதஸ்வரத்தோடு நிச்சயதார்த்தம் ஓட ஆரம்பித்தது. "எங்க அண்ணன் பெட்டிக்கு ஒண்ணும் இல்ல. நீங்கதான் அது கண்ணப் பொத்தி வச்சிட்டு, பாரு பாருன்னு ஒரு வாரமா ஏசுதீய" என்றாள். ஷிபு ஆட்டோவை ஸ்டார்ட் செய்துவிட்டான், வேறு எழுத நேரமில்லை. மேலே உங்கள் சுகம் விசாரித்ததை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அடித்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை அக்காவோடு சாப்பிட வாருங்கள், சம்பந்திக்குப் பக்கத்து நாற்காலி உங்களுக்குத்தான். வரும்போது ஒரு சந்தேகத்தை மட்டும் தீர்த்து வையுங்கள், அடுத்த பூஜைக்கு வேண்டும்: அந்தப் பெட்டிக்கு நெற்றி எந்தப் பக்கம்?