பக்கத்துச் சீட்டு ஓட்டுநர்

வண்டி ஓட்டுகிறவர்களில் இரண்டு வகை உண்டு. கையாலும் காலாலும் ஓட்டுகிறவர்கள் ஒரு வகை. அவர்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. லைசென்ஸ் வைத்திருக்கிறார்கள், கிளம்புகிறார்கள், போய்ச் சேர்கிறார்கள். இன்னொரு வகை, வாயால் ஓட்டுகிறவர்கள். இவர்களுக்கு ஸ்டீயரிங் வேண்டாம், பெட்ரோல் வேண்டாம். முன்பக்கம் ஒரு சீட்டும், பக்கத்தில் ஓட்டுவதற்கு ஓர் அப்பாவியும் கிடைத்தால் போதும். உங்கள் குடும்பத்தில் இப்படி ஒருவர்கூட இல்லை என்று சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

எனக்கு வாய்த்தவர் என் அக்காவின் கணவர். முறைப்படி எனக்கு மட்டும்தான் அத்தான். ஆனால் நண்பர்களோடு கிளம்பிய அந்த ஏழு நாள் பயணத்தில், முதல் சுங்கச்சாவடி தாண்டுவதற்குள் வண்டியிலிருந்த எல்லோருக்கும் அத்தான் ஆகிவிட்டார். மின்சார அலுவலகத்தில் மீட்டர் பழுதுபார்க்கும் பிரிவுக்கு மேற்பார்வையாளர். மேலே இருந்து பார்ப்பதுதான் உத்தியோகம். அலுவலகம் விட்டாலும் பார்வை மட்டும் இறங்குவதில்லை.

நாட்டின் கிழக்குக் கடற்கரையில் கிளம்பி மேற்குக் கடற்கரையில் கால் நனைப்பது, வழியில் ஏரிக்கரையோ காடோ மலையோ இடம் கிடைத்த இடத்தில் கூடாரம் அடித்துத் தங்குவது என்று திட்டம். வேன் நண்பர்களில் ஒருவரான பல் டாக்டருடையது, ஓட்டுவதும் அவர்தான். இன்னொரு நண்பர் கணக்கு வாத்தியார். அவர் கார் ஓட்டப் பழகியது ஏழே நாள். எட்டாவது நாள் பயிற்சியாளர் வேறு வேலைக்குப் போய்விட்டார். எனக்குச் சைக்கிளே தகராறு. நாலாவதாக ஒரு சீட் காலியாக இருப்பது அக்காவின் காதில் விழுந்தது.

"உங்க அத்தானையும் கூட்டிட்டுப் போடா."

"அவருக்கு லீவு கிடைக்குமாக்கா?"

"அவருக்குக் கிடைக்குதோ இல்லையோ, எனக்கு ஒரு வாரம் லீவு வேணும்."

அதன் முழு அர்த்தம் எனக்கு விளங்க, வண்டி கிளம்பி அரைமணி நேரம் ஆயிற்று.

இந்த இனத்தார் வண்டியில் ஏறுவதே ஒரு சடங்கு. முதலில் சீட்டை முன்னே தள்ளுவார்கள், பிறகு பின்னே தள்ளுவார்கள், பழைய இடத்துக்கே கொண்டுவருவார்கள். அடுத்து, நடுவில் இருக்கும் கண்ணாடியைத் தங்கள் பக்கம் திருப்புவார்கள். "பின்னாடி என்ன வருதுன்னு எனக்குத் தெரிய வேணாமா?" என்று அத்தான் கேட்டதும் டாக்டர் கண்ணாடியிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். இருபது வருடமாக, எதிரே வாயைத் திறப்பவர்கள் ஒரு வார்த்தை பேச முடியாத தொழிலில் இருப்பவர் அவர். திறந்த வாய் பேசவும் செய்யும் என்பதே அவருக்குப் புதுச் செய்தி.

அத்தான் எதையும் நேரடியாகச் சொல்ல மாட்டார். அந்த மரியாதை உண்டு. "நான் ஒண்ணும் சொல்லல" என்றுதான் தொடங்குவார். நான் ஒண்ணும் சொல்லல, ஆனா மூணாவது கியர் போட்டிருக்கலாம். நான் ஒண்ணும் சொல்லல, ஆனா அந்த லாரிக்காரன் மூஞ்சி சரியில்ல. முன்னால் போகிற வண்டியின் சிவப்பு விளக்கு எரிந்தால் போதும், தன் காலடியில் இல்லாத பிரேக்கை ஓங்கி மிதிப்பார். எதிரே பஸ் வந்தால் கண்ணை மூடிக்கொள்வார். மூடிக்கொண்டே வழி சொல்வார். கணக்கு வாத்தியார் பொழுதுபோகாமல் எண்ணிப் பார்த்துவிட்டு, "நிமிஷத்துக்கு மூணு உத்தரவு. சராசரிதான். பாலம் வந்தா அஞ்சு" என்று என் காதில் சொன்னார்.

இருக்கட்டும், வண்டியைப் பின்னால் எடுக்கும்போது பார்க்க வேண்டுமே அவரை! ஒவ்வொரு மாலையும் கூடாரம் போடும் இடத்தில் முதலில் குதித்து இறங்குவார். வேனுக்குப் பின்னால் ஓடுவார், குனிந்து அடியில் பார்ப்பார், எங்களையெல்லாம் ஓரமாக நிற்க வைத்துத் தலையை எண்ணுவார். பிறகு "வரலாம்... வரலாம்..." என்பார். வண்டி ஓர் அடி நகரும். "நிறுத்துங்க! நிறுத்துங்க!" காடு அதிர ஒரு கூச்சல். டாக்டர் இறங்கிப் பார்த்தால் பின்னால் இருபது அடி காலியாகக் கிடக்கும். விளைவு, வேன் ஒரு மூலையில், கூடாரம் இன்னொரு மூலையில். நடுவில் அடுப்பையும் தண்ணீர்க் கேனையும் சுமந்துகொண்டு நாங்கள்.

மூன்றாம் நாள் டாக்டரே பொறுமை இழந்தார். பாதி வழியில் ஓரம் கட்டி, சாவியை எடுத்து நீட்டினார்.

"அத்தான், நீங்கதான் ஓட்டுங்களேன்."

"ஐயோ, எனக்கு முதுகு."

"நேத்து கண்ணு கூசுதுன்னு சொன்னீங்க."

"கண்ணு கூசினா முதுகு வலிக்கும் டாக்டர். உங்களுக்குத் தெரியாததா?"

பல்லைத் தாண்டி நடப்பதெல்லாம் தன் துறை இல்லை என்பதால் டாக்டர் சாவியைத் திரும்பப் போட்டார்.

நாலாம் நாள் ஒரு மலையுச்சியில் தங்கினோம். கூடாரக் கயிறுகளையும் அத்தான்தான் மேற்பார்வை பார்த்தார். "இன்னும் இழுங்க, இன்னும் தள்ளி முளை அடிங்க" என்று சொல்லிச் சொல்லி, கயிறு நடைபாதையின் குறுக்கே போய் நின்றது. மறுநாள் காலையில் பல் துலக்கும் பிரஷ்ஷோடு வெளியே வந்த டாக்டர் அதில் கால் மாட்டி விழுந்தார். எழுந்திருக்க முடியவில்லை. பத்து நிமிடத்தில் கணுக்கால் பன் மாதிரி வீங்கிவிட்டது. போனில் சிக்னல் இல்லை. கீழே ஊருக்கு நாற்பது கிலோமீட்டர், வளைவு வளைவாக மலைப்பாதை. இரண்டு மணி நேரம் காத்திருந்தும் ஒரு வண்டி வரவில்லை. டாக்டர் முனகாமல் இருக்கப் பார்த்தார். முகம் வெளுத்துக்கொண்டே போனது.

நாங்கள் எல்லோரும் அத்தானைப் பார்த்தோம். அத்தான் வேனின் சக்கரத்தைப் பார்த்தார்.

தனியாகக் கூப்பிட்டுப் போய்க் கேட்டேன். "லைசென்ஸ் இருக்குல்ல, அத்தான்?"

"இருக்கு." சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினார். "ஸ்டீயரிங்கைத் தொட்டு எட்டு வருஷம் ஆச்சுடா."

"ஏன்?"

"வீட்டு வாசல்ல காரைப் பின்னாடி எடுத்தேன். டமார்னு ஒரு சத்தம். இறங்கிப் பாத்தா பாப்பாவோட சைக்கிள், சப்பையா கிடக்கு. பாப்பாவைக் காணோம். குனிஞ்சு அடியில பாக்கணும்... என்னால குனியவே முடியல. அவ தண்ணி குடிக்க உள்ள போயிருந்தா. ஒரு நிமிஷம்தான். அந்த ஒரு நிமிஷம் எனக்கு இன்னும் முடியல. பின்னாடி யாராவது நின்னு ஒரு சத்தம் குடுத்திருந்தா..."

மகளைப் பற்றிய இந்த விஷயத்தை அக்காகூட என்னிடம் சொன்னதில்லை. நாலு நாளாக அவரைக் கேலி செய்து சிரித்த வாய் எனக்குக் கசந்தது.

"இப்ப பின்னாடி நான் நிக்கறேன். நீங்க எடுங்க."

நின்றேன். வாத்தியாரும் வந்து நின்றார். அத்தான் ஏறினார், இறங்கினார், அடியில் பார்த்தார், மறுபடி ஏறினார். வேன் அங்குலம் அங்குலமாகப் பின்னால் வந்தது. சட்டையெல்லாம் வியர்வை. ஆனால் வண்டி திரும்பிவிட்டது.

காலை நீட்ட வசதியாக டாக்டரை முன் சீட்டில் உட்கார வைத்தோம். இறங்கத் தொடங்கினோம். அத்தான் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆச்சரியம், பிரமாதமாக ஓட்டினார். வளைவுக்கு முன்னால் வேகம் குறைத்தார், எதிரே வந்த ஒரே ஒரு டிராக்டருக்கு ஒதுங்கி வழி விட்டார், டாக்டரின் கால் அலுங்காமல் பள்ளங்களைத் தாண்டினார். முதல் தடவையாக நான் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தேன்.

அப்போதுதான் முன் சீட்டிலிருந்து ஒரு குரல் வந்தது.

"கொஞ்சம் இடது பக்கம் ஒட்டிப் போகலாமே."

வாத்தியாரும் நானும் ஒருவரையொருவர் பார்த்தோம். பேசியது டாக்டர்! இருபது வருடமாக அதிர்ந்து பேசாத மனிதர்! அடுத்த வளைவில், "ஹாரன் அடிங்க" என்றார். அதற்கடுத்ததில், "இவ்வளவு வேகம் எதுக்கு?" வேகம் இருபது. சுளுக்கிய காலையும் மறந்து, நல்ல காலால் எதையோ மிதித்துக்கொண்டிருந்தார்.

பன்னிரண்டு வளைவுகள் அத்தான் பொறுத்தார். பதிமூன்றாவதில் சொன்னார்: "டாக்டர், கொஞ்சம் பல்லைக் கடிச்சுக்கிட்டு உக்காருங்க."

டாக்டர் திகைத்தார். பிறகு வலியோடு சிரித்தார். ஊர் வந்து சேரும்வரை நாலு பேரும் சிரித்தோம்.

எலும்பு முறியவில்லை, சவ்வு கிழிந்திருக்கிறது, மூன்று வாரம் காலை ஊன்றக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டார்கள். அக்காவுக்குப் போன் செய்தேன்.

"அப்ப வண்டியை யாரு ஓட்டறா?"

"அத்தான்."

"போனை அவர்கிட்ட குடு" என்றாள். உடனே, "வேணாம், வேணாம். அவர் ஓட்டட்டும்" என்று வைத்துவிட்டாள்.

மீதி மூன்று நாளும் அத்தான்தான் ஓட்டினார். டாக்டரை இரண்டு பேருமாகத் தாங்கிப் பிடித்து, மேற்குக் கடலில் கட்டுப் போடாத காலை மட்டும் நனைக்க வைத்தோம். முன் சீட்டில் முறை வைத்து உட்கார்ந்தோம். வாத்தியார் உட்கார்ந்த அன்று ஒவ்வொரு வண்டியும் எத்தனை அடி தூரத்தில் வருகிறது என்று அறிவித்துக்கொண்டே வந்தார். நான் உட்கார்ந்த அன்று... அது எதற்கு இப்போது? சைக்கிள் தகராறுக்காரன் சொன்ன யோசனைகளும் சில நன்றாகத்தான் இருந்தன என்று மட்டும் பதிவு செய்துகொள்கிறேன்.

நீங்கள் அப்படியில்லை, தெரியும். நீங்கள் வண்டியில் ஏறினால் தூங்கிவிடுகிறவர். அடுப்படியில் சமைக்கிறவருக்குப் பின்னால் நின்று உப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆணி அடிக்கிறவருக்குச் சுவரைக் காட்டியதில்லை. இதைப் படிக்கும்போதுகூட, மலைக்கு இன்னும் சீக்கிரம் போயிருக்கலாம், அந்த இடத்தில் கொஞ்சம் நின்றிருக்கலாம் என்றெல்லாம் உங்களுக்குத் தோன்றியே இருக்காது.

தோன்றியதா? நல்லது. கொஞ்சம் சும்மா இருங்கள். எங்கே நிறுத்த வேண்டும் என்று எனக்குத் தெரியும்.