அதிகாரபூர்வமான குளிர்

ஒரு வீட்டில் ஏ.சி. ஓடவில்லை என்றால் அது அந்த வீட்டுக்காரரின் சொந்தக் கஷ்டம் என்றுதான் வெகுகாலமாக எல்லோரும் நம்பி வந்தார்கள். அந்த நம்பிக்கை தவறு என்பது மருந்துக்கடைக்காரர் வீட்டில்தான் நிரூபணமானது.

மருந்துக்கடைக்காரர் நல்ல மனிதர். ஏ.சி. பராமரிப்பில் அவருக்கு ஒரே கொள்கை: ஓடுகிற வரைக்கும் தொடக் கூடாது. வாங்கிய நாளிலிருந்து ஃபில்டரைக் கழுவியதில்லை. அதில் படிந்திருந்த தூசியை எடுத்தால் ஒரு போர்வை தைக்கலாம் என்று, வீட்டிலேயே தையல் வேலை செய்யும் அவர் மனைவி சொல்லுவாள். வெளிச்சுவரில் மாட்டியிருந்த பெட்டி வெயிலில் காய்கிறதே என்று இரக்கப்பட்டு, அதைத் தார்ப்பாயால் இறுக்கிக் கட்டியும் வைத்தார். வீட்டுச் சூட்டை வெளியே தள்ளுவதற்கென்றே பிறந்த பெட்டி மூச்சுவிட வழியில்லாமல் கொஞ்ச நாள் முனகியது. கோடை தொடங்கிய வாரத்தில் கண்ணை மூடியது.

மனைவிக்கு ஐம்பதை நெருங்கும் வயது. நினைத்தாற்போல் உடம்பு குப்பென்று பற்றிக்கொள்ளும். சட்டென்று வியர்த்துக் கொட்டும்.

"உங்களுக்கெல்லாம் சூடு வெளியிலேர்ந்து வருது. எனக்கு உள்ளேர்ந்தும் வருது. குளிர்ச்சியா இருக்கச் சொல்லி டாக்டரம்மா படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்காங்க. மெக்கானிக்கைக் கூப்பிடுங்க."

"கூப்பிட்டாச்சும்மா. நாளைக்கு வரேன்னிருக்கான்."

மெக்கானிக் சொல்லும் நாளை காலண்டரில் கிடையாது. ஒருவழியாகப் பாதிக் கோடை போனபின் அது வந்தது. அவன் ஏணி போட்டு ஏறி, தார்ப்பாயின் முதல் முடிச்சில் கை வைத்தபோது வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது. சிக்கனக் குளிர்ச்சி வாரியத்தின் அதிகாரி இறங்கினார். பின்னால் உதவியாளர் ஒருவர் பித்தளைக் கேடயத்தைக் குழந்தைபோல ஏந்தி வந்தார்.

"வாழ்த்துகள்!" என்றார் அதிகாரி. "நகரத்தில் ஏ.சி. வைத்திருக்கும் இல்லங்களிலேயே மிகக் குறைந்த மின்சாரத்தை நுகர்ந்த இல்லம் தங்கள் இல்லமே. வாரியம் பெருமிதம் கொள்கிறது."

"சார், அது ஓடலை."

"ஓடாமலே இவ்வளவு சிக்கனமா!"

"இல்லை சார். கெட்டுப்போச்சு."

அதிகாரி பொறுமையாகச் சிரித்தார். "இந்த வெயில்ல ஏ.சி. இல்லாம மனுஷன் தாக்குப்பிடிக்க முடியாதுன்னு வாரியமே அறிக்கை விட்டிருக்கு. நீங்க தாக்குப்பிடிச்சிருக்கீங்க. ஆகவே ஏ.சி. ஓடுது. தன்னடக்கம் போதும்."

உதவியாளர் வெப்பமானியை நீட்டினார். முப்பத்தேழு காட்டியது. அதிகாரி அதை இரண்டு தட்டு தட்டிப் பார்த்தார். "முன்மாதிரி இல்லத்தில் இருபத்துநாலு டிகிரி இருக்கணும்னு விதி. இது முப்பத்தேழு காட்டுதுன்னா பழுதாயிருக்கு. சரிபார்க்க அனுப்புங்க." அன்று அந்த வீட்டிலிருந்து பழுதுபார்க்கப் போன பொருள் அது ஒன்றுதான்.

அப்போதுதான் ஏணி அவர் கண்ணில் பட்டது.

"யாருய்யா அது மேல?"

"மெக்கானிக் சார். ரிப்பேருக்கு வந்தேன்."

"இறங்கு முதல்ல! ரிப்பேர் பண்ணினா ஏ.சி. கரண்டை இழுக்கும். இழுத்தா சிக்கனம் என்ன ஆகுறது?" ஏ.சி. சுவிட்சுக்கு அரக்கு முத்திரை வைக்கப்பட்டது. முத்திரையை உடைப்பது தேசியச் சிக்கனத்துக்கு ஊறு விளைவிக்கும் செயல் என்று உரக்கப் படித்தும் காட்டினார்கள்.

ஜீப் போனதும் மனைவி கேட்டாள்: "அப்போ என் கதி?"

கணவர் கேடயத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். "முன்மாதிரி வீடும்மா. நாலு பேர் வந்து பார்ப்பாங்க."

நாலு பேர் வரவில்லை; பஸ் பஸ்ஸாக வந்தார்கள். அவர்களுக்கு முன்னால் மருந்துக்கடைக்காரர் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு நின்று, ஃபில்டரை மாதம் இருமுறை கழுவுவதன் அவசியத்தைப் பற்றிப் பேசினார். ஃபில்டர் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை அந்த வாரம்தான் தெரிந்துகொண்டிருந்தார். அறையின் வெப்பம் இருபத்துநாலு என்பது வாரியத்தின் முடிவாகிவிட்டதால், அங்கே யாருக்காவது வியர்த்தால் அது அவரவர் தனிப்பட்ட விஷயம். நாகரிகம் தெரிந்தவர்கள் வியர்க்கவில்லை. சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "அப்பப்பா, எலும்பு வரைக்கும் ஏறுது" என்றார்கள். விவரம் தெரியாத ஒருவர் மட்டும் நெற்றியைத் துடைத்துவிட்டார். அவரைத் தனியே அழைத்துப்போய்க் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தார்கள்.

பார்த்தவர்களுக்கு ஆசை வந்தது. மெக்கானிக்கின் பட்டறையில் கூட்டம் நெருக்கியது. "அண்ணே, மருந்துக்கடைக்காரர் வீட்டு மாதிரியே எங்களுதையும் பண்ணிக் குடுங்க." பதினைந்து வருஷம் சரிசெய்து சம்பாதிக்காததை, அந்தக் கோடையில் அவன் கெடுத்துச் சம்பாதித்தான். கெடுக்கும் வேலைக்கு மட்டும் சொன்ன நேரத்துக்குப் போனான்.

ஒரு மத்தியானம் மனைவி தையல் மிஷின் மேலேயே மயங்கிச் சரிந்தாள். மருந்துக்கடைக்காரர் பதறி ஓடினார். ஈரத்துண்டால் முகத்தைத் துடைத்து, மடியில் கிடத்தி விசிறினார். அவள் கண் திறந்தபோது அவர் கண்ணில் நீர் நின்றது.

"போதும்மா. முத்திரையை உடைச்சு ரிப்பேர் பண்ணச் சொல்லிடறேன்."

சொல்லி வாய் மூடவில்லை, வாசலில் பஸ் ஹாரன் அடித்தது. அவர் மனைவியைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். அவள் தலையை மெதுவாகத் தலையணைக்கு மாற்றிவிட்டு, கம்பளிச் சட்டையைத் தேடிக்கொண்டு போனார்.

மறுநாள் அவளே வாரியத்துக்குப் போனாள். அதிகாரியின் அறையில் ஏ.சி. பதினாறில் ஓடிக்கொண்டிருந்தது. குளிர் தாங்காமல் ஜன்னல்களைத் திறந்து வைத்திருந்தார்கள்.

"சார், எங்க வீட்டுல குளிர் தாங்கலை" என்றாள்.

"முன்மாதிரி இல்லம்னா சும்மாவா அம்மா!"

"இருபத்தாறுல வெச்சு ஒரு ஃபேனைச் சுத்தவிட்டா போதும், கரண்ட் இன்னும் மிச்சமாகும்னு உங்க வாசல் போர்டுலயே போட்டிருக்கு. நாங்க இருபத்துநாலுல சொகுசா கிடக்கோம். ராத்திரி தூக்கம் வரமாட்டேங்குது."

"குற்ற உணர்ச்சியா?"

"அப்படியும் வெச்சுக்கலாம். ரெண்டு டிகிரி குளிரைக் குறைக்க ஒரு மெக்கானிக்குக்கு உத்தரவு குடுங்க."

அதிகாரி நெகிழ்ந்துபோனார். தன் குளிரைத் தானே குறைக்கச் சொல்லி வந்த முதல் குடிமகள் என்று மேலிடத்துக்குத் தகவல் போயிற்று. உத்தரவு உடனே வந்தது.

மெக்கானிக் தயங்கினான். "ஊரே கெடுக்கச் சொல்லுது. நீங்க மட்டும் என்னக்கா?"

"நானும் அதைத்தான் சொல்றேன். இருக்கிற குளிரைக் கெடுத்துக் குடு. உத்தரவைப் பாரு."

உத்தரவின் பலத்தில் அவன் முத்திரையை உடைத்து, தார்ப்பாயை அவிழ்த்தான். பெட்டியின் தகடுகளில் அடைத்திருந்த அழுக்கை நீக்கினான், கருகிக் கிடந்த ஒயரை மாற்றினான். ஃபில்டரைக் குழாயடியில் காட்டியபோது ஓடிய தண்ணீர் மை மாதிரி இருந்தது. இருபத்தாறில் வைத்து, ஃபேனை மெல்லச் சுழலவிட்டு, திரைச்சீலையை இழுத்துவிட்டுப் போனான். அவள் கதவைச் சாத்திக்கொண்டு வெறுந்தரையில் படுத்தாள். கோடை தொடங்கியதிலிருந்து தூங்காத தூக்கத்தை அன்று தூங்கினாள்.

அடுத்த பஸ்ஸில் வந்தவர்கள் உள்ளே நுழைந்து, சால்வையோடு கொஞ்ச நேரம் நின்றார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"முன்னாடி இருந்த குளிர்ச்சி இல்லையே" என்றார் ஒருவர்.

"நானும் அதான் நினைச்சேன். போன தடவை பல்லு கிடுகிடுன்னு ஆடுச்சு."

"கை வெச்சுக் கெடுத்துட்டாங்க. பாவம்."

வாரியமும் விசாரித்தது. மீட்டர் ஓடுவது தெரிந்தது. குளிரைக் குறைத்த பிறகு மின்சாரம் செலவாவது இயற்கைக்கே விரோதமானது என்று முடிவுசெய்து, கேடயத்தைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டார்கள். அங்கே ஏ.சி.யை மெக்கானிக் அடியோடு கழற்றிக்கொண்டு போயிருந்தான். ஆகையால் சிக்கனம் முழுமையாக இருந்தது.

மருந்துக்கடைக்காரர் அந்த வீட்டைப் பார்க்க முதல் நாளே போய்விட்டு வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. காதோரம் வியர்வை ஓடியது. தங்கள் வீட்டுக் கதவை அகலத் திறந்து, நிலையில் கை ஊன்றி நின்றுகொண்டு பெருமூச்சு விட்டார்.

"அவங்க வீட்டுல என்ன குளிரு தெரியுமா! நமக்குக் குடுத்துவைக்கலை."

மனைவி தைத்துக்கொண்டே நிமிராமல் சொன்னாள்: "குளிரெல்லாம் வெளியே போகுது. கதவைச் சாத்துங்க."

அவர் ஒரு கணம் யோசித்தார். பிறகு, வெளியே நின்றபடியே சாத்தினார்.