எந்த ஊர்ப் பாங்கு?

எங்கள் கழகம் முன்னேறியதற்கு முக்கிய காரணம் நான்தான். நான் அதைவிட்டு வெளியே போனேன். அதற்குப் பிறகுதான் அது முன்னேறியது.

இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. கோபம் இருக்கிறது. (என் மனைவி ரமீஸாவைக் கேட்டால் கோபம் மட்டும்தான் இருக்கிறது என்பாள்.)

தொண்ணூறாம் ஆண்டு, போர்க் காலத்தில், முஸ்லிம்கள் என்று மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு, கல்பிட்டிப் பக்கம் வந்து ஓலைக் கொட்டிலில் கிடந்தவர்களின் பிள்ளைகள் தொடங்கிய புட்போல் கழகம் அது. நான் கோல் காப்பாளன். என்னைத் தாண்டிப் போகாத பந்து என்றால், அது வழிதவறிப் பக்கத்துக் காணிக்குள் விழுந்த பந்துதான். ஆள் எடுப்பதில் எங்களுக்கு ஒரு முறை இருந்தது. முதலில் மச்சான்மார், பிறகு பந்து வாங்கித் தந்தவன், பிறகு அவனுடைய மச்சான்மார். பக்கத்து ஊர் எத்தாளைக்காரன் வந்து கோல் அடித்தான், மதுரங்குளிக்காரன் அடித்தான். ஒருமுறை கலியாணத்துக்கு வந்திருந்த மாப்பிள்ளை வீட்டார்கூட சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி, எங்களை வென்றுவிட்டுச் சோறு தின்னப் போனார்கள்.

அப்போதுதான் சிராஜ் சேர் வந்தார். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியர். அமெரிக்காவில் ஏதோ ஒரு புட்போல் அணி படுகுழியிலிருந்து எழும்பிய கதையைப் போனில் பார்த்திருக்கிறார். (அங்கே பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடுவார்களாம். அதற்கும் பெயர் புட்போல்தானாம். படித்தவர் சொல்கிறார், கேட்டுக்கொண்டோம்.) அந்த அணி பழைய ஆட்களை அனுப்பிவிட்டு, பொடியன்களை எடுத்து, சில வருடம் பொறுமையாகத் தோற்றுத் தோற்றே தன்னைக் கட்டியெழுப்பியதாம்.

"பொறுமையாத் தோக்குறதா? நாங்க அதத்தானே சேர் இவ்வளவு காலமும் செய்தம்?" என்றேன்.

"நீங்க சும்மா தோத்தீங்க நானா. இனி படிச்சித் தோப்பம்." (நானா என்று, அண்ணன் மரியாதை கொடுத்துத்தான் சொன்னார்.)

முதலில் அனுப்பப்பட்டவன் நான். என் இடத்துக்கு அஸ்மீர் வந்தான். கடலுக்குப் போகிறவன், வலை இழுத்த கை. மச்சான் முறை ஒழிந்தது. விடியற்காலைச் சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு கடற்கரை மணலில் ஓட்டம். வராதவன் யாருடைய மருமகனானாலும் வெளியே. முதல் வருடம் எட்டும் ஏழுமாகக் கோல் வாங்கினார்கள். அடுத்த வருடம் இரண்டு, ஒன்று. ஒரே ஒரு கோலால் தோற்ற அன்று வட்டிலப்பம் பங்கிட்டார்கள். அதற்கடுத்த வருடம் வெல்லத் தொடங்கினார்கள்.

அதில் என் மகன் ஹஸ்ஸானும் இருந்தான். முன்வரிசை. நான் விட்ட கோலையெல்லாம் மகன் திருப்பி அடிக்கிறான் என்று ஊர் சொன்னது. பிறகு அவன் தோஹாவுக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டான். கோல் அடிக்கிறவனுக்கு இங்கே யார் வேலை கொடுக்கிறான்? கைதட்டுவார்கள். கைதட்டைச் சட்டியில் போட்டு ஆக்க முடியுமா?

அவன் போனதிலிருந்து, என் போனில் தொழுகைக்கு அழைக்கும் பாங்கை நேரத்துக்குச் சொல்லும் அப்பில் தோஹா நேரத்தைத்தான் வைத்திருக்கிறேன்.

இறுதிப் போட்டி மதுரங்குளியோடு. வென்றால் மேல் பிரிவுக்கு ஏறலாம். எங்கள் சனத்தில் ஒரு கழகம் அதுவரை அங்கே ஏறியதில்லை. நான் வழக்கம்போல் எங்கள் கோல் கம்பத்துக்குப் பின்னால். அஸ்மீரின் பிழைகளை உரக்கச் சொல்லத்தான் அங்கே உட்காரத் தொடங்கினேன். அவன் பிழை விடுவதை நிறுத்திவிட்டான். நான் உட்காருவதை நிறுத்தவில்லை.

அன்று ஹஸ்ஸானுக்கு வீடியோவில் ஆட்டத்தைக் காட்டினேன். அவன் சத்தம் மைதானம் முழுக்கக் கேட்கட்டும் என்று, கலியாண வீடுகளுக்குக் கொடுக்கிற பெரிய புளூடூத் ஸ்பீக்கரையும் தூக்கிவந்து போனோடு இணைத்திருந்தேன்.

"அடிங்கடா! வாப்பாவப் பாக்காதீங்க, பந்தப் பாருங்க!" என்று தோஹாவிலிருந்து கத்தினான். சனம் சிரித்தது. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

"வாப்பா, சாப்பாட்டு நேரம் முடிஞ்சி. போர்மன் கூப்பிடுறான்" என்று கடைசியில் போனை வைத்துவிட்டான். நான் ஸ்பீக்கரை அணைக்கவில்லை. மறுபடி எடுப்பான் என்று நினைத்தேன்.

இரு பக்கமும் கோல் இல்லை. கடைசி நிமிடங்கள். மழை இருட்டிக்கொண்டு வந்ததில் நேரம் யாருக்கும் தெரியவில்லை. எங்கள் மைதானத்தில் ஒரு வழக்கம் உண்டு. பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு கேட்டால், பந்து காற்றில் நின்றாலும் ஆட்டம் முடிந்தது. விசில் தேவையில்லை.

அஸ்மீர் பாய்ந்து ஒரு பந்தைப் பிடித்தான். அருமையான பிடி. அந்த நேரம் பார்த்துத் தோஹாவில் பின்னேரத் தொழுகைக்கு, அசருக்கு, நேரம் ஆனது.

மைதானம் அதிரப் பாங்கு. இருபத்தொரு பேர் அப்படியே நின்றார்கள். அஸ்மீர் பந்தைக் கீழே வைத்துவிட்டுக் கையுறையைக் கழற்றினான். நான் போனை நோக்கி விரலை நீட்டினேன். விரல் போகவில்லை. பாங்கை நடுவில் எப்படி அறுப்பது? எந்த மனிதன் அறுப்பான்? நீட்டிய விரலோடு, பாங்குக்குச் சொல்ல வேண்டிய பதிலையும் முணுமுணுத்துக்கொண்டு நின்றேன், மடையன்.

நிற்காதவன் ஒருவன்தான். மதுரங்குளிக்காரர் சிலாபத்திலிருந்து கூட்டிவந்த நெவில். எங்கள் வழக்கத்தை அவனுக்கு யாரும் சொல்லவில்லை. நடந்து வந்தான். அஸ்மீரைப் பார்த்தான். பந்தைப் பார்த்தான். மெதுவாக வலைக்குள் தட்டிவிட்டான்.

நடுவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "மஃரிபுக்கு இன்னும் எவ்வளவோ நேரம் இரிக்கி. நான் விசில் ஊதல்ல. கோல்."

எல்லாத் தலையும் ஸ்பீக்கர் பக்கம் திரும்பியது.

மிச்ச நேரத்தில் எங்கள் பொடியன்களுக்குக் காலே எழும்பவில்லை. தோற்றோம்.

"நானா," என்றார் சிராஜ் சேர், "நீங்க கோலுக்குள்ள நிண்ட காலத்துலயும் இப்பிடி ஒரு கோல் விட்டதில்ல."

"வேணுமெண்டு செய்யல்ல சேர். வல்லாஹி, அல்லாஹ் மேல சத்தியம்."

"ஓம்" என்றார். நம்பவில்லை. வெளியே போட்டதற்கு நான் பழி தீர்த்தேன் என்றுதான் ஊரும் பேசியது.

அஸ்மீர் ஜேர்சியை முகத்துக்கு இழுத்து மூடிக்கொண்டு கம்பத்தடியில் இருந்தான். பக்கத்தில் போனேன்.

"ஏசுடா" என்றேன்.

"பாங்குதானே மாமா" என்றான் ஜேர்சிக்குள்ளிருந்து. "பாங்கோட கோவிக்க ஏலுமா?"

ஏசியிருக்கலாம்.

அடுத்த வருடம் கிண்ணத்தை வென்று மேலே ஏறினார்கள். அந்த ஆட்டத்தில் அஸ்மீர் இல்லை. அவனும் தோஹாவுக்குப் போயிருந்தான். நான் மைதானத்துக்குப் போகவில்லை. கிண்ணத்தோடு ஊர்வலம் எங்கள் கேற்றைத் தாண்டும்போது, "நானா, போன ஓஃப் பண்ணுங்க!" என்று கத்தினார்கள். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்ய?

இன்றைக்கும் பள்ளிவாசலில் பாங்கு சொன்னால் ரமீஸா, "இது எந்த ஊருப் பாங்கு?" என்று கேட்பாள். (எங்களிடம் எந்த ஊர் என்று கேட்டுப் பழகிய நாடுதானே. இப்போது பாங்கிடமும் கேட்கிறார்கள்.) தோஹாவில் ஹஸ்ஸானும் அஸ்மீரும் ஒரே அறை. அசர் பாங்கு கேட்டதும் ஹஸ்ஸான், "அஸ்மீர், பந்தக் கீழ வைக்காத!" என்பானாம். அறையே சிரிக்குமாம்.

நேரத்தை மாற்றச் சொல்லாத ஆளில்லை. மாற்றமாட்டேன். பின்னேரம் ஆனால் தோஹா அசர் எங்கள் குசினி வரைக்கும் கேட்கும். ரமீஸா முதலில் சிரிப்பாள். பிறகு அடுப்பைக் குறைத்துவிட்டு, அது முடியும்வரை கேட்டுக்கொண்டு நிற்பாள்.